கதிர்வீச்சு செரிமான நொதிகளை அழிக்கிறதா, அவற்றைச் செய்யும் செல்களையா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். "அயனியாக்கும் கதிர்வீச்சு செரிமான நொதிகளை அழித்துவிடும், அதனால் கதிர்பட்ட விலங்குக்கு உணவு செரிக்காமல் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோகும்" என்று வகுப்பில் சொன்னார்களாம். அவர் தேடிப் படித்த கட்டுரைகளில் ஒன்று சுக்ரேஸ் (சர்க்கரையை உடைக்கும் குடல் நொதி) குறைந்தது என்கிறது, இன்னொன்று அதே சுக்ரேஸ் கூடியது என்கிறது, மூன்றாவது இரத்தத்தில், மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ் பல மடங்கு ஏறியது என்கிறது. எதை நம்புவது, ஏன் இந்த முரண், நொதியை அளந்து ஒரு விலங்கு எவ்வளவு கதிர் வாங்கியது என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கதிர் தாக்குவது நொதி மூலக்கூறையா, நொதியைச் செய்யும் செல்லையா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் தாமாகவே அவிழும்.

எலி, சுண்டெலிகளின் சிறுகுடல் மாதிரிகளில் நொதிச் செயல்பாட்டை அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தப் பகுதியில் உறுதியாகப் பேசுவேன். நாய், குரங்கு, ஆடு, மனிதர் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தறிந்தது.

முதலில் நொதி மூலக்கூறு. கதிர்வீச்சால் நொதியைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிலோ திசுவில் 1 ஜூல் ஆற்றல் படிந்தால் அது 1 கிரே. உடல் முழுவதும் 10 கிரே வாங்கிய சுண்டெலி சிகிச்சை இல்லாமல் பிழைக்காது. அதே 10 கிரே தண்ணீரின் வெப்பநிலையை வெறும் 0.0024 டிகிரிதான் உயர்த்தும். உலர்ந்த நிலையில் உள்ள ஒரு நொதியை, அதன் மூலக்கூறு எடை ஒரு லட்சம் டால்டன் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) என்று வைத்துக்கொள்வோம், மூன்றில் ஒரு பங்கு செயல்பாட்டுக்குக் குறைக்கப் பல பத்து கிலோகிரே தேவை. அதாவது விலங்கைக் கொல்லும் அளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகத் தரும் 25 கிலோகிரே அளவிலும் உலர்ந்த நொதிகள் பல கணிசமான அளவு தாக்குப்பிடிக்கும்.

தண்ணீரில் கரைந்திருந்தால் கதை மாறும் என்று வேதியியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். 1940 முதல் மான்செஸ்டரில் வால்டர் டேல் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற கணைய நொதியை மிகவும் நீர்த்த கரைசலாக்கி எக்ஸ் கதிரில் வைத்தால் சிறிய அளவிலேயே அது கெடுகிறது. கதிர் தண்ணீரைப் பிளந்து உண்டாக்கும், எதையும் உடனே தாக்கும் ஹைட்ராக்சில் தனிஉறுப்புகளே அதற்குக் காரணம். ஆனால் கரைசலைச் செறிவாக்கினால், அல்லது வேறு ஏதாவது கரிமப் பொருளைக் கூடச் சேர்த்தால், நொதி காப்பாற்றப்படுகிறது. தனிஉறுப்புகள் கிடைத்ததையெல்லாம் தாக்கிச் செலவாகிவிடுவதால் நொதியின் பங்கு குறைந்துபோகிறது. குடல் செல்லின் உள்ளே இருப்பது நீர்த்த கரைசல் இல்லை. புரதம், கொழுப்பு, குளுடதயோன் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் அது.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 10 கிரே கதிர் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2.8 மைக்ரோமோல் ஹைட்ராக்சில் தனிஉறுப்புகளை உண்டாக்கும். செல்லுக்குள் புரத மூலக்கூறுகளின் செறிவு லிட்டருக்குச் சில மில்லிமோல். உண்டான தனிஉறுப்புகள் அத்தனையும் புரதத்தை மட்டுமே தாக்கின என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் புரத மூலக்கூறில் ஒன்றுதான் அடிபடும். ஆயிரத்தில் ஒன்று போனதை எந்த ஆய்வகத்திலும் செயல்பாட்டு அளவீட்டால் கண்டுபிடிக்க முடியாது. அதே நேரத்தில் 1 கிரே கதிர் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவிலும் சுமார் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும் 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. ஒரு நொதி மூலக்கூறு போனால் அதேபோல் லட்சக்கணக்கானவை மீதி இருக்கின்றன. டிஎன்ஏ இழை முறிந்தால் மாற்று இல்லை. எனவே வகுப்பில் சொன்ன வாக்கியத்தின் முதல் பாதி, கதிர் நொதிகளை நேரடியாக அழிக்கிறது என்பது, விலங்குகள் சந்திக்கும் அளவுகளில் தவறு. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அப்படியானால் நொதி ஏன் குறைகிறது? சிறுகுடலின் உள்சுவர் எப்படித் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதில் விடை இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளும், அவற்றின் அடியில் புதைந்திருக்கும் லீபர்கூன் குழிகளும் சேர்ந்ததுதான் இந்த அமைப்பு. குழி நாற்றங்கால், உறிஞ்சி வயல் என்று நினைத்துக்கொள்ளலாம். குழியின் அடியில் உள்ள ஸ்டெம் செல்கள் இடைவிடாமல் பிரிகின்றன, பிறந்த செல்கள் மேலே ஏறுகின்றன, ஏறும்போது முதிர்கின்றன, உறிஞ்சியின் நுனிக்கு வந்ததும் உதிர்கின்றன. சுண்டெலியில் இந்தப் பயணம் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடும். அந்த ஸ்டெம் செல்களை எல்ஜிஆர்5 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு 2007இல் பார்க்கர், கிளெவர்ஸ் குழுவினர் துல்லியமாகக் காட்டினார்கள்.

நாம் அளக்கும் சுக்ரேஸ், லாக்டேஸ், மால்டேஸ், அமினோபெப்டிடேஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் எல்லாம் உறிஞ்சியின் மேல் உள்ள முதிர்ந்த செல்களின் தூரிகை விளிம்பில், அதாவது தூரிகை மயிர்போல் நீட்டியிருக்கும் வெளிப்புறச் சவ்வில், பதிந்து இருப்பவை. குழியில் இருக்கும் இளம் செல்லில் சுக்ரேஸ் கிட்டத்தட்ட இல்லை. செல் குழியைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது தலைகாட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, டிஎன்ஏ கட்ட உதவும் தைமிடின் கைனேஸ் போன்ற நொதிகள் பிரியும் செல்களில், அதாவது குழியில், நிறைந்திருக்கின்றன.

இனிக் கதிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வேகமாகப் பிரியும், இன்னும் முதிராத செல்களே கதிருக்கு எளிதில் இரையாகும் என்று 1906இல் பெர்கோனியேவும் டிரிபோந்தோவும் எழுதினார்கள். குடலில் அது அப்படியே பொருந்துகிறது. 10, 12 கிரே கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே குழியின் அடியில் செல்கள் தற்சாவுக்குப் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) போவதை நுண்ணோக்கியில் எண்ணலாம். செல் பிரிதல் நின்றுவிடுகிறது. ஆனால் மேலே உறிஞ்சியில் இருக்கும் முதிர்ந்த செல்களுக்கு உடனே பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அவை பிரிய வேண்டியவை இல்லை. டிஎன்ஏ முறிந்தாலும் மீதமுள்ள ஓரிரு நாள் வாழ்வை நொதிகளோடு வாழ்ந்து முடிக்கின்றன. வழக்கம்போல் நுனியிலிருந்து உதிர்கின்றன. கீழேயிருந்து மாற்று வரவில்லை. உறிஞ்சி குட்டையாகிக்கொண்டே போகிறது. மூன்றாம், நான்காம் நாளில் அது மிகச் சிறியதாகிறது. தூரிகை விளிம்பு நொதிகளும் அதே நாளில்தான் தரைமட்டத்துக்கு வருகின்றன. நொதியின் வீழ்ச்சி செல்லின் வீழ்ச்சியைப் பின்தொடர்கிறது என்பதற்கு இந்தக் காலப் பொருத்தமே வலுவான சான்று. தைமிடின் கைனேஸ் முதல் நாளிலேயே விழுகிறது, சுக்ரேஸ் மூன்றாம் நாளில் விழுகிறது. நொதி மூலக்கூறைக் கதிர் நேராகக் கெடுத்திருந்தால் இரண்டும் முதல் நிமிடத்திலேயே விழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு சான்று எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. சுண்டெலிக்கு 12 கிரே கொடுத்தாலும் 50 கிரே கொடுத்தாலும், குடல் பாதிப்பால் இறக்கும் நாள் ஏறத்தாழ ஒன்றாகவே, மூன்றரை நாளை ஒட்டியே இருக்கிறது. கதிர் அளவு நாலு மடங்கு ஆனபோதும் சாவு முந்தவில்லை. 1950களில் ஹென்றி குவாஸ்ட்லர் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: செல் உற்பத்தியை முழுதாக நிறுத்துவதற்குப் போதுமான அளவைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் எவ்வளவு கொடுத்தாலும், ஏற்கெனவே உறிஞ்சியில் இருக்கும் செல்கள் உதிர்ந்து தீர எடுக்கும் நேரம் மாறப்போவதில்லை. கடிகாரத்தை ஓட்டுவது செல்லின் ஆயுள்.

இந்தத் துறையின் தொடக்கமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. 1922இல் ஸ்டாஃபர்ட் வாரனும் ஜார்ஜ் விப்பிளும் நாய்களின் வயிற்றுப் பகுதிக்கு எக்ஸ் கதிர் கொடுத்தபோது அவை நாலாம் நாளை ஒட்டி இறந்தன; சிறுகுடலின் மேல்தோல் அழிந்திருந்தது. மார்புக்கு அதே அளவு கொடுத்தபோது அந்த நோய் வரவில்லை. எது தாக்கப்படுகிறது என்பது அன்றே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

வகுப்பு வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்: செரிக்காததால் இறக்கிறதா? இல்லை. மூன்றரை நாள் பட்டினி கிடந்ததால் ஒரு நாயோ எலியோ சாவதில்லை. இங்கே உயிரை எடுப்பது, தோல் போன குடல் வழியாக நீரும் சோடியமும் வெளியேறுவதும், குடல் பாக்டீரியாக்கள் உடலுக்குள் நுழைவதும்தான். 1960களில் டகேடா எலிகளுக்கு உப்புநீரும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்து அவற்றின் ஆயுளை நீட்டிக்க முடியும் என்று காட்டினார். கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் அதே கதிருக்குப் பிறகு கூடுதல் நாள் தாங்குகின்றன. பித்தநாளத்தைக் கட்டிய எலிகளும் கூடுதலாகத் தாங்குகின்றன. பாதுகாப்பில்லாத குடலில் பித்த உப்புகள் இறங்குவது நீரிழப்பைக் கூட்டுகிறது என்பதே இதற்குப் பொருள். நொதிக் குறைவுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. உடைக்கப்படாத லாக்டோசும் சுக்ரோசும் குடலுக்குள்ளேயே தங்கி நீரை இழுக்கும், பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைக்கும். இடுப்புப் பகுதிக்குக் கதிர் சிகிச்சை பெறும் நோயாளிகளில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இதுவே காரணம். ஆனால் அது தொல்லை. உயிரை எடுக்கும் காரணம் அதுவாக இருப்பதில்லை.

அடுத்து, கட்டுரைகள் ஏன் முரண்படுகின்றன என்ற கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் பெரும்பாலும் இரண்டு தரப்பும் சரியாகவே அளந்திருப்பார்கள். அவர்கள் எதால் வகுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. சுக்ரேஸ் அளக்கும் வழக்கமான முறை, 1960களில் டால்க்விஸ்ட் ஒழுங்குபடுத்தியது: குடலின் உள்தோலைச் சுரண்டி அரைத்து, சுக்ரோசைச் சேர்த்து, வெளிவரும் குளுக்கோசை அளப்பது. கிடைத்த எண்ணை மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். கதிர்படாத குடல் துண்டில் 10 மில்லிகிராம் புரதமும் 100 அலகு சுக்ரேசும் இருக்கின்றன; மில்லிகிராமுக்கு 10. கதிர்பட்ட மறுநாள் குழிகள் சுருங்கிவிட்டன, உறிஞ்சிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. புரதம் 8 மில்லிகிராம் ஆகிவிட்டது, சுக்ரேஸ் 96. வகுத்தால் 12. "சுக்ரேஸ் 20 விழுக்காடு கூடியது" என்று ஒரு கட்டுரை பிறக்கும். குடலில் இருந்த மொத்த சுக்ரேசோ குறைந்திருக்கிறது. சுக்ரேஸ் இல்லாத செல்கள் முதலில் செத்ததால், மிஞ்சியவற்றின் விகிதம் உயர்ந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாளில் இது தலைகீழாகும்: உறிஞ்சிகள் தேய்ந்துவிடும், அழற்சியால் இரத்தப் புரதம் திசுவுக்குள் கசிந்து வகுக்கும் எண்ணைப் பெருக்கும், விகிதம் உண்மையைவிடக் கூடுதலாக விழும். ஏழாம் நாளில் பிழைத்த விலங்கில் குழிகள் பெருத்துப் புதிய செல்களால் நிறைந்திருக்கும். அவை இன்னும் முதிராதவை. குடலின் எடை மீண்டுவிடும், சுக்ரேஸ் இன்னும் மீண்டிருக்காது. ஒரே குடலை மூன்று நாளில் பார்த்த மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்.

ஆகவே ஒரு கட்டுரையை எடுத்தால் நான் முதலில் தேடுவது, எண்ணை எதால் வகுத்தார்கள், எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள், குடலின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள் என்ற மூன்றையும்தான். குடலின் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, அல்லது முழுக் குடலுக்கு என்று எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். அதே துண்டில் உறிஞ்சியின் உயரத்தையும் குழிகளின் எண்ணிக்கையையும் அளந்திருந்தால் இன்னும் நல்லது. வித்தர்சும் எல்கைண்டும் 1970இல் தந்த முறைப்படி மூன்றரை நாளுக்குப் பிறகு உயிரோடுள்ள குழிகளை எண்ணுவது இதற்கு இன்றும் அடித்தளம்.

இதைவிட அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று உணவு. கதிர்பட்ட எலி சாப்பிடுவதை உடனே குறைத்துவிடும். 1955இல் ஜான் கார்சியாவும் உடன் உழைத்தவர்களும் காட்டியது நினைவுக்கு வருகிறது: கதிர்படும்போது சாக்கரின் கலந்த தண்ணீர் குடித்த எலிகள் அந்தச் சுவையையே பிறகு ஒதுக்கின. மிகக் குறைந்த கதிரிலும் இது நடந்தது. இரைப்பை காலியாகும் வேகமும் குறைகிறது. உணவு அங்கேயே தேங்கிக் கிடக்கும். பட்டினியே உறிஞ்சிகளைச் சுருக்கும், சுக்ரேசைக் குறைக்கும். கணைய அமைலேஸ் உணவில் உள்ள மாவுப்பொருளின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் நொதி. எனவே கதிர்பட்ட எலியை, வயிறு நிரம்பச் சாப்பிட்ட சாதாரண எலியோடு ஒப்பிட்டால், பட்டினியின் விளைவையெல்லாம் கதிரின் கணக்கில் எழுதுகிறோம். கதிர்பட்ட எலி ஒவ்வொரு நாளும் எவ்வளவு தின்றதோ அதே அளவை மட்டும் தின்னக் கொடுத்த கதிர்படாத எலிகள் ஒப்பீட்டில் இருக்க வேண்டும். பழைய கட்டுரைகள் பலவற்றில் அந்தக் குழு இருக்காது. கணைய நொதிகள் குறைந்ததாகச் சொல்லும் பழைய முடிவுகளை நான் பாதி நம்பிக்கையோடு மட்டும் படிப்பது இதனால்தான்.

கணையத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது. அதன் நொதி சுரக்கும் செல்கள் மெதுவாகவே பிரிபவை. ஒரே தடவை உடல் முழுதும் படும் கதிருக்குச் சில நாட்களில் அவை குடலைப்போல் வீழ்வதில்லை. பல வாரங்களில் பிரித்துக் கொடுக்கப்படும் உயர்ந்த அளவுகளுக்குப் பிறகு, மாதங்கள் கழித்து, அவை சுருங்கி நாரிழை படர்வது நடக்கிறது. அதோடு கணையம் குடலுக்குத் தீங்கும் செய்யக்கூடும். தோல் போன குடலில், புரதத்தை உடைக்கும் டிரிப்சினும் எலாஸ்டேசும் இறங்கும்போது அங்கே மிஞ்சியிருக்கும் தூரிகை விளிம்பு நொதிகளையும் திசுவையும் அவை அரிக்கும். கணையச் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு கொடுத்த எலிகளில் கதிரால் வரும் குடல் காயம் குறைந்தது. அதே மருந்தை மனிதர்களுக்குக் கதிர் சிகிச்சையின்போது முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் வயிற்றுப்போக்கு தடுக்கப்படவில்லை. எலியில் கண்டதை மனிதருக்கு நேராக எடுத்துச் செல்ல முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உமிழ்நீர்ச் சுரப்பி இந்தக் கதையில் ஒரு புதிர். அதன் சீரச் செல்களும் (அமைலேஸ் சுரப்பவை) அரிதாகவே பிரிபவை. பெர்கோனியே, டிரிபோந்தோ விதிப்படி கதிரைத் தாங்க வேண்டும். ஆனால் குரங்கிலும் மனிதரிலும் அவை சில மணி நேரத்திலேயே தற்சாவுக்குப் போகின்றன. உடைந்த செல்களிலிருந்து அமைலேஸ் இரத்தத்துக்குள் கொட்டுகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்காக உடல் முழுவதும் கதிர் பெறும் நோயாளிகளில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் சீரம் அமைலேஸ் உச்சத்துக்குப் போவது நன்கு தெரிந்தது. ஓரிரு நாளில் அது இறங்கிவிடும். உமிழ்நீரில் அமைலேஸ் குறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் இரத்தத்தில் ஏறுகிறது. நீங்கள் படித்த மூன்றாவது கட்டுரை இதைத்தான் சொல்கிறது. இரத்தத்தில் நொதி ஏறினால் உறுப்பு கூடுதலாகச் சுரக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது உடைந்த செல்லின் தடயம். அமில பாஸ்பட்டேஸ், காத்தெப்சின் போன்ற லைசோசோம் (செல்லின் கழிவை உடைக்கும் பை) நொதிகள் கதிர்பட்ட குடலில் கூடியதாக வரும் கட்டுரைகளுக்கும் இதே விளக்கம் பெரும்பாலும் போதும்: செத்த செல்கள் தம் நொதிகளை வெளியே விடுகின்றன, அவற்றை விழுங்க வரும் செல்கள் தம்முடையதைக் கொண்டுவருகின்றன.

இரைப்பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதிர் அமிலத்தையும் பெப்சினையும் குறைக்கும் என்பது உறுதி. 1937 முதல் 1965 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரைப்பைப் புண்ணுக்கு இதையே சிகிச்சையாகக் கொடுத்தார்கள், சுமார் 15 கிரே அளவில். அமிலம் குறைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது இரைப்பைப் புற்றுநோய் கூடியிருந்ததும் தெரிந்தது. இளம் வயதில் புண்ணுக்காகப் போனவர்கள் முதுமையில் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

விலங்குக்கு விலங்கு வேறுபாடு உண்டு என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நொதி விஷயத்தில் அது போதாது. ஆடு, மாடுகளின் சிறுகுடலில் சுக்ரேசே இல்லை. பறவைகளுக்கு லாக்டேஸ் இல்லை. பால்குடி எலிக்குட்டியில் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் சுக்ரேஸ் தோன்றுகிறது. நாய், பூனை உமிழ்நீரில் அமைலேஸ் மிகச் சொற்பம். எலி, சுண்டெலிகளின் இரத்தத்தில் கதிர் படுவதற்கு முன்பே அமைலேஸ் மனிதரைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கும். எனவே மனிதரில் தெளிவாகத் தெரியும் அந்த ஏற்றம் நாயிலோ சுண்டெலியிலோ அதே வடிவில் வராது. அசைபோடும் விலங்குகளில் முதல் கட்டச் செரிமானத்தைச் செய்வதே நுண்ணுயிர்கள். பாக்டீரியாவைக் கொல்ல நூற்றுக்கணக்கான கிரே வேண்டும். ஆட்டைக் கொல்ல 2, 3 கிரே போதும். ஆகவே வெளியிலிருந்து படும் கதிரால் அசையிரைப்பையின் நொதிகள் நேரடியாகக் கெடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆடு தின்பதை நிறுத்துவதால் அந்த நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதே பெரிய மாற்றம். கதிரியக்கத் துகள் படிந்த புல்லைத் தின்றால் நிலைமை வேறு. யிட்ரியம்-90 ஏற்றிய மணலை ஆடுகளுக்குத் தின்னக் கொடுத்த அமெரிக்கச் சோதனைகளில் துகள்கள் இரைப்பையின் தாழ்வான மடிப்புகளில் தங்கி அங்கேயே புண்ணாக்கின. அங்கே பீட்டா கதிர் சில மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் மிக உயர்ந்த அளவைத் தருகிறது. உடல் முழுவதற்குமான சராசரிக் கணக்கு அந்த இடத்தில் எதையும் சொல்லாது.

சர்ச்சையில் உள்ளவற்றையும் சொல்ல வேண்டும். குடல் சாவின் முதல் அடி எங்கே விழுகிறது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. குழிகளுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் உட்தோல் செல்களே முதலில் சாகின்றன, அதுவே தொடக்கம் என்று 2001இல் ஒரு குழு எழுதியது. மேல்தோல் செல்களே முதன்மை, அதிலும் தற்சாவைத் தடுத்தாலும் விலங்கு பிழைப்பதில்லை, பி53 என்ற புரதம் குடலைக் காக்கிறது என்று 2010இல் வேறொரு குழு சுண்டெலி மரபு மாற்றங்களைக் கொண்டு காட்டியது. என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் எந்தக் கட்சி வென்றாலும் நொதி குறைவதற்கான விளக்கம் மாறாது. மாற்று செல் வராமல் போவதே இரண்டிலும் பொது.

அரை கிரேவுக்கும் குறைந்த அளவில் நொதிகள் தூண்டப்பட்டுக் கூடுவதாக வரும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்த அளவிலும் குழியில் சில செல்கள் தற்சாவுக்குப் போவது உறுதியான செய்தி. ஆனால் அதனால் சுக்ரேஸ் 10, 15 விழுக்காடு கூடியது என்பதை ஏற்க, விலங்கைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கதிர் இயந்திரத்தின் கீழ் வைத்துக் கதிரை மட்டும் கொடுக்காமல் விட்ட ஒப்பீட்டுக் குழு வேண்டும். ஏனென்றால் பிடிபட்ட பதற்றத்தில் சுரக்கும் அட்ரினல் ஹார்மோன்களே குடல் நொதிகளை மாற்ற வல்லவை. மாதிரி எடுத்த மணியும் ஒன்றாக இருக்க வேண்டும்; எலியின் சுக்ரேஸ் உணவு நேரத்தை ஒட்டி ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது. இந்த இரண்டும் இல்லாமல் வந்த சிறு மாற்றங்களை நான் ஒதுக்கிவைப்பேன்.

கடைசிக் கேள்வி: நொதியை வைத்துக் கதிர் அளவைச் சொல்ல முடியுமா? சீரம் அமைலேஸ் மனிதரில், தலை, கழுத்துப் பகுதி கதிர்பட்டதா என்பதை முதல் நாளிலேயே காட்டும் பயனுள்ள அறிகுறி. அளவைத் துல்லியமாகச் சொல்ல அது உதவாது. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம், கணைய அழற்சி இருந்தாலும் ஏறும், சுரப்பி கதிரின் வழியில் இல்லையென்றால் ஏறவே ஏறாது. தூரிகை விளிம்பு நொதிகளை அளக்கக் குடல் திசுவையே எடுக்க வேண்டும், எனவே உயிரோடுள்ள விலங்கைத் தொடர்ந்து கவனிக்க அவை ஒத்துவராது. இந்த வேலைக்கு இன்று நம்பகமானது நொதியே இல்லை, சிட்ருலின் என்ற அமினோ அமிலம். இரத்தத்தில் உள்ள சிட்ருலின் பெரும்பாலும் சிறுகுடல் மேல்தோல் செல்களிலிருந்து வருவது. செல்கள் குறைந்தால் அதுவும் குறையும். சுண்டெலிகளில் கதிருக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் அதன் அளவு, எஞ்சியிருக்கும் மேல்தோலோடு பொருந்தி இறங்குவதை லுட்கென்ஸ் குழுவினர் 2003இல் காட்டினார்கள். முதல் நாளில் எடுத்தால் அது எதையும் சொல்லாது, உறிஞ்சிகள் இன்னும் நிற்கும். உங்கள் திட்டம் எலியில் என்றால், 24 மணி நேரத்தில் ஒன்று, 84 முதல் 96 மணி நேரத்துக்குள் ஒன்று, ஏழாம் நாளில் ஒன்று என்று சிட்ருலினுக்கு இரத்தம் எடுங்கள். ஒவ்வொரு நேரத்திலும் சில விலங்குகளின் நடுச் சிறுகுடலிலிருந்து ஒரே நீளத் துண்டு எடுத்துச் சுக்ரேசைத் துண்டின் நீளத்துக்கும் புரதத்துக்கும் என இரண்டு விதமாகவும் எழுதுங்கள். பக்கத்துத் துண்டை நுண்ணோக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விதக் கணக்கும் எந்த நாளில் எதிரெதிர்த் திசையில் போகின்றனவோ, அந்த நாளின் படத்தில் குழியையும் உறிஞ்சியையும் பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும்.